கறுப்புக் கரை போட்ட நல்வரவு

முதல் வகுப்பில் எழுத்தறிவிக்கும் வரிசையை ஆசிரியர் தம் விருப்பப்படி மாற்றக்கூடாது. மாற்றுவதானால் காரணம் காட்டி, தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பித்து, எழுத்து மூலமான அனுமதி கைக்கு வந்த பிறகே மாற்றவேண்டும். இதுதான் விதி. எண்ணையும் உட்பிரிவையும் சொல்லமாட்டேன். சொன்னால் இதைப் படிக்கும் ஓய்வூதியர்களில் பாதிப் பேர், அது பின்னால் திருத்தப்பட்டுவிட்டதென்று எனக்குக் கடிதம் போடுவீர்கள். மீதிப் பேர் அந்தத் திருத்தமே செல்லாது என்பீர்கள். உங்களோடு ஒரே கூரையின் கீழ் மின்விசிறிக்குச் சண்டை போட்டவள் நான். உங்களைத் தெரியும்.

அந்த விதி எங்கள் ஒண்ணாப்பில் ஒரு வருஷம் முழுக்க நடைமுறைக்கு வரவில்லை. வந்திருந்தால் பிற்காலத்தில் அந்த விதியையே நான் படித்திருக்க முடியாது.

இது இப்போது நினைவுக்கு வரக் காரணம் உண்டு. விளாங்குடியில் என் எதிர்வீட்டுக்கு ஒரு பெண் குடிவந்திருக்கிறாள். காளவாசல் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் டீச்சர், முதல் வேலை. பிள்ளைகளிடம் மிட்டாய்க் காகிதமும் பிஸ்கட் உறையும் பொறுக்கிவரச் சொல்லி, அதை வைத்து எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறாளாம். "மேலருந்து கேட்டா என்ன சொல்றதுன்னு பயமாருக்கு ஆன்ட்டி" என்றாள். கேட்கும்வரை சொல்லாதே, கேட்டால் விண்ணப்பித்திருக்கிறேன் என்று சொல் என்றேன். முப்பது சொச்சம் வருஷ அரசு ஊழியத்தில் நான் கற்றதன் சாரம் அவ்வளவுதான். சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தால், போஸ்டர் ஒட்ட மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதாப் பசையின் வாசனை மூக்கில் வந்து நிற்கிறது.

எங்கள் பள்ளிக்கூடம் மதுரைக்குள்ளே, சௌராஷ்டிர நெசவு வீடுகளும் முஸ்லிம் வீடுகளும் முதுகோடு முதுகு சாய்ந்திருந்த ஒரு சந்தில் இருந்தது. ஒரே நீளக் கூடம். நடுநடுவே மூங்கில் தட்டி. நாங்கள் எழுத்துப் படித்தோமோ இல்லையோ, தட்டி வழியாக வந்த மூன்றாம் வகுப்பு வாய்ப்பாட்டை இலவசமாகப் படித்தோம். வாசல் சாக்கடையில் சாயப்பட்டறைத் தண்ணீர் ஒருநாள் சிவப்பாகவும் ஒருநாள் ஊதாவாகவும் ஓடும். சிலேட்டைத் துடைக்கக் கோவை இலை வேலியிலேயே கிடைத்தது. அந்தப் பச்சைக் கறை குளித்தாலும் விரலை விட்டுப் போகாது.

நான் அங்கே ஒண்ணாப்பில் இரண்டாம் வருஷம். அதாவது பணிமூப்பு அடிப்படையில் வகுப்பில் நான்தான் மூத்தவள். அ முதல் ஃ வரை மூச்சு விடாமல் பாடுவேன். ஆனால் நடுவில் ஒரு எழுத்தைத் தொட்டு இது என்ன என்று கேட்டால், அ-விலிருந்து புறப்பட்டு, பாடிக்கொண்டே அந்த இடத்துக்கு வந்து சேரவேண்டும். அடுத்த தெருவுக்குப் போக ஊருக்கு வெளியே ஒத்தக்கடைக்குப் போய் பஸ் பிடிக்கிற மாதிரி. முந்தின வருஷத்து வாத்தியார், பாட்டு நன்றாக வருகிறதே என்று சந்தோஷப்பட்டார். வருஷக் கடைசியில் சந்தோஷம் தீர்ந்துபோய், என்னை அங்கேயே உட்காரவைத்துவிட்டு அவர் மட்டும் மாற்றலில் போனார்.

எனக்குப் பக்கத்தில் என் தோழி. தறிக்காரர் வீட்டுப் பெண். வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். தெருவில் சண்டை போடத் தேவையான அளவுக்குத் தமிழ் வைத்திருந்தாள்.

அந்த ஜூனில் புது டீச்சர் வந்தார். ஒத்தக்கடையைத் தாண்டி மேலூர் ரோட்டில் ஏதோ ஊர். தினமும் பஸ்ஸில் வருவார். கையில் ஒயர்க்கூடை, அதற்குள் சாப்பாட்டு டப்பா, பயிற்சிப் பள்ளியில் தானே வரைந்த பட அட்டைகள். வேலை இன்னும் நிலையானதல்ல, வருஷத்தில் ஒருமுறை வரும் இன்ஸ்பெக்டர் நல்லபடி எழுதினால்தான் நிலைக்கும் என்பதை மற்ற வாத்தியார்கள் எங்கள் காதுபடவே பேசிக்கொண்டார்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் காது கிடையாது என்று பெரியவர்களுக்கு ஒரு நினைப்பு. இவர் போனால் யார் வருவார் என்பதும் எங்களுக்குத் தெரியும். மூன்றாம் வகுப்பு வாத்தியார் இரண்டு வகுப்பையும் சேர்த்துப் பார்ப்பார். அவருடைய பிரம்பும் பார்க்கும்.

பட அட்டைகள் முதல் வாரத்திலேயே தோற்றுப்போயின. ஏர் படத்தைக் காட்டி இது என்ன என்றார். தறி ஒடிந்து கிடக்கிறது என்றான் ஒருவன். கொக்கைக் காட்டினார். கோழி, ஆனால் ரொம்ப நாளாகப் பட்டினி என்றான் இன்னொருவன். மாட்டுக்கு என் தோழி தன் வீட்டுப் பேச்சில் ஒரு சொல் சொல்ல, வகுப்பே சிரித்தது. டீச்சர் என்னைப் பார்த்தார். மூத்தவள் என்ற முறையில், மாடு என்றுதான் சொல்கிறாள் என்று விளக்கம் கொடுத்தேன்.

"சரியாத்தான சொல்லிருக்கா, பெறகு எதுக்குச் சிரிப்பு?" என்றார் டீச்சர். சிரிப்பு நின்றது. மறுநாள் அட்டைகள் கூடையை விட்டு வெளியே வரவில்லை.

ஒருநாள் காலையில் நானும் தோழியும் சந்து முனைச் சுவர் முன்னால் நின்றிருந்தோம். மதுரைச் சுவருக்குச் சுண்ணாம்பு தேவையில்லை, போஸ்டரே போதும், அன்றும் அப்படித்தான். பஸ்ஸை விட்டிறங்கி வந்த டீச்சரிடம் தோழி ஒரு ரோஸ் காகிதத்தைக் காட்டி, "காதுகுத்து டீச்சர். ரேடியோ கட்டி பாட்டு போடும்" என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டார். மேலே பெரிதாக இருந்ததைத் தொட்டு, காதுகுத்து என்றால் இதுதான் எப்போதும் இருக்கும் என்றாள்.

டீச்சர் கூடையைக் கீழே வைத்தார். முந்தானையை விரித்து, ரோஸ் நிறமே தெரியாதபடி மூடி, தலைப்பை மட்டும் காட்டினார். "காதுகுத்து" என்றாள் தோழி. இன்னும் மூடி, முதல் எழுத்தை மட்டும் விட்டார். தோழி கொஞ்சம் யோசித்து, "கா" என்றாள். பிறகு தன்னுடைய காதையே பிடித்துக்கொண்டாள், மீதியும் அங்கேதான் இருக்கிறது என்பதுபோல.

பக்கத்தில் கறுப்புக் கரை போட்ட வெள்ளைக் காகிதம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் அதில் படமெல்லாம் கிடையாது, எழுத்து மட்டும்தான். அது என்ன என்று கேட்டதற்கு, பெரிய ஆளுக்குப் போடுவது என்றாள் தோழி. வெள்ளிக்கிழமை காலையில் பச்சைப் பிள்ளைகளிடம் சாவைப் பற்றிப் பேச டீச்சருக்கு வாய் வரவில்லை. "ஆமா, பெரியவங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அந்த ஒரு வாக்கியத்துக்கு அவர் பின்னால் நிறையப் பதில் சொல்லவேண்டி வந்தது.

மணி அடித்தும் அவர் சுவரைவிட்டு வரவில்லை. அடுத்தாற்போல் ஒரு சினிமா போஸ்டரும் இருந்தது. வாசலில் நின்ற பெரிய வாத்தியார், அதாவது தலைமையாசிரியர், அதை மட்டும்தான் பார்த்தார்.

"என்ன டீச்சர், எந்தக் கொட்டகைன்னு பாத்தாச்சா? உள்ள வரலாமா?" என்றார். புது டீச்சருக்குச் சினிமாக் கிறுக்கு என்ற பேச்சு அரைப்பரீட்சை வரைக்கும் தட்டிக்குத் தட்டி நடந்தது.

சந்தின் மறுமுனையில் ஒரு அச்சாபீஸ் இருந்தது. அதை நடத்தியவரை ஊரே பாய் என்றுதான் கூப்பிடும். சில வாரம் கழித்து ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டதும் டீச்சர் எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு அங்கே போனார். பிழையாக விழுந்த காகிதம், மை கூடிப்போன காகிதம் எது இருந்தாலும் வேண்டும் என்று கேட்டார்.

"எம்புட்டு வேணும்மா?" என்றார் பாய்.

"இருக்குற அம்புட்டும்."

பாய் தலையைச் சொறிந்தார். "ஆடி மாசம்மா. கல்யாணமும் இல்ல, காதுகுத்தும் இல்ல. சாவுதான் கெடக்கு. பரவால்லியா?"

டீச்சர் எங்களைப் பார்த்தார். நாங்கள் மர எழுத்துகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளங்கை அகலத்தில் கறுகறுவென்று, மண்ணெண்ணெய் வாசனையோடு, இடம் வலம் மாறி முறைக்கும் எழுத்துகள். "எழுத்துத்தான பாய் வேணும்" என்று சொல்லி வாங்கிக்கொண்டார்.

இப்படித்தான் மதுரையில் ஒரு ஒண்ணாப்பு அ-வில் தொடங்காமல் க-வில் தொடங்கியது. கண்ணீர் என்ற தலைப்பில் முதலில் நிற்பது அதுதானே. கத்திரிக்கோலால் டீச்சர் எழுத்தெழுத்தாக வெட்டித் தருவார். அதை மணல் தட்டில் வைத்து விரலால் சுற்றிவருவோம். பிறகு சந்துக்குள் ஓடி, அந்த எழுத்து எந்தெந்தச் சுவரில் இருக்கிறதென்று பார்த்துவந்து சொல்வோம். நடுவில் இருக்கும் எழுத்தை எடுக்க இப்போது அ-விலிருந்து புறப்படவேண்டியதில்லை, கையில் இருந்தது. தீபாவளிக்குள் எனக்குப் பதினாறு பதினேழு எழுத்துகள் சொந்தமாயின. தோழிக்கு அதற்கும் மேலே.

பெரிய வாத்தியார் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் டீச்சரைக் கூப்பிட்டார். அவர் ஓய்வுபெறப் போகும் மனிதர். ஓய்வுபெறப் போகும் மனிதர்கள் எதற்கெல்லாம் பயப்படுவார்கள் என்பது உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

"நீங்க செய்றது தப்புன்னு நான் சொல்லலம்மா. உத்தரவு வரட்டும்னு சொல்றேன்."

டீச்சர் விண்ணப்பம் எழுதினார். பெரிய வாத்தியார், தங்கள் மேலான உத்தரவுக்கு என்று குறித்து இன்ஸ்பெக்டர் அலுவலகத்துக்கு அனுப்பினார். அந்தச் சொற்றொடரை நானே பிற்காலத்தில் நூற்றுக்கணக்கான கோப்புகளில் எழுதியிருக்கிறேன். கையைக் கழுவிவிட்டுத் துண்டில் துடைப்பதற்குத் தமிழில் அதைவிட மரியாதையான வார்த்தை கிடையாது.

பதில் வரும்வரை பழைய வரிசையே நடக்கவேண்டும் என்றார் பெரிய வாத்தியார். டீச்சர் சரி என்றார். மறுநாள் எல்லாப் போஸ்டரின் முதுகிலும் அ ஆ இ ஈ வரிசையாக எழுதி, சணல் கயிற்றில் தொங்கவிட்டார். பெரிய வாத்தியார் வந்தால் அ ஆ. போனால் திருப்பிப்போட்டு கண்ணீர். திருப்பும் பொறுப்பு பணிமூப்புப்படி எனக்கு.

ஒருதடவைகூட நாங்கள் மாட்டிக்கொள்ளவில்லை. ஏனென்றால் பெரிய வாத்தியாருக்கு இருமல் இருந்தது. வராந்தாவின் அந்தக் கோடியிலேயே ஆரம்பித்து, நான் கடைசிப் போஸ்டரைத் திருப்பும்வரை இருமிவிட்டுத்தான் உள்ளே நுழைவார். பாவம், நெஞ்சுச் சளி என்று நினைத்தேன். துளசி பறித்துக்கொண்டுபோய்க் கொடுத்தேன், வாங்கி மென்றார். நானே பிரிவுத் தலைமைக்கு வந்து, சில மேசைகளுக்குப் பக்கத்தில் போகும்போது செருப்பைத் தேய்த்து நடக்கப் பழகிய பிறகுதான் புரிந்தது, அவருக்குச் சளியே இல்லை.

பொங்கல் முடிந்தது. பதில் வரவில்லை, இன்ஸ்பெக்டரே வருகிறார் என்று தகவல் வந்தது. டீச்சர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனதை நாங்கள் பார்த்தோம். நானும் தோழியும் கூடிப் பேசி, வருகிறவரைக் குளிரவைத்தால் டீச்சர் இருப்பார் என்று முடிவுசெய்தோம்.

எங்கள் யோசனையில் குறை ஒன்றும் இல்லை. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். காதுகுத்துப் போஸ்டர் குழந்தைகளுக்கு. கல்யாணப் போஸ்டரில் யார் யார் பேரோ இருக்கும். கட்சிப் போஸ்டரில் திட்டியிருப்பார்கள். கறுப்புக் கரை போட்டதில்தான் ஒவ்வொரு பேருக்கும் பின்னால் தவறாமல் 'அவர்கள்' இருக்கும். யாரையும் ஒரு குறை சொல்லியிருக்காது. பெரியவர்களுக்குத்தான் அது என்று டீச்சரே சொல்லியிருக்கிறார். இன்ஸ்பெக்டரைவிடப் பெரியவர் யார்?

பள்ளிக்கூடத்துக்குத் தேவை என்று பாயிடம் ஒரு கொட்டாங்கச்சியில் பசை வாங்கினேன். காலையில் டீச்சரின் பஸ் வருவதற்கு முன்பு, வாசல் சுவரில் எழுத்தெழுத்தாக ஒட்டினோம். கரிக்கட்டியால் கரை போட்டாள் தோழி. நேர்க்கோடு, தறிக்காரர் வீட்டுக் கை.

கண்ணீர் அஞ்சலி. கீழே, இன்ஸ்பெக்டர் ஐயா அவர்கள். அதற்குக் கீழே அன்றைய தேதி. இப்படிக்கு, ஒண்ணாப்பு.

இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து இறங்கினார். பெரிய வாத்தியார் மாலையோடு முன்னால் போனார். மாலையும் கரையும் ஒரே நேரத்தில் சேர்ந்ததால் காட்சி முழுமையாக இருந்தது. இன்ஸ்பெக்டர் சுவரைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். கழுத்தைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பெரிய வாத்தியார் உண்மையாகவே இருமத் தொடங்கினார். அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த டீச்சர், கூடையை மார்போடு அணைத்தபடி நின்றார்.

"என்னிக்குய்யா எனக்குக் காரியம் வச்சிருக்கீக?" என்று பெரிய வாத்தியாரைக் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

என்னிக்கு என்ற சொல் தோழிக்குப் புரிந்தது. முன்னால் வந்து, சுவரில் விரல் வைத்து, "இன்னிக்குத்தான் ஐயா. கீழ தேதி போட்டிருக்கு" என்றாள்.

இன்ஸ்பெக்டர் குனிந்தார். முழுக்கப் படி என்றார். அவள் விரல் வைத்துப் படித்தாள். பின்னாலிருந்து படி என்றார். பின்னாலிருந்தும் படித்தாள். எதிர்ச் சுவரில் பொடி எழுத்தில் இருந்த ஒரு கல்யாணப் போஸ்டரைக் காட்டினார். திணறித் திணறி மாப்பிள்ளை பேர் வரைக்கும் வந்துவிட்டாள். என்னைக் கூப்பிட்டு நடுநடுவே எழுத்துகளைத் தொட்டார். நான் அ-வுக்குப் போகாமலே பதில் சொன்னேன். வீட்டில் என்ன பேசுவீங்க என்று தோழியைக் கேட்டார், சொன்னாள். ஜூன் மாசம் இந்தப் பிள்ளைக்குத் தமிழ் எவ்வளவு தெரியும் என்று டீச்சரைக் கேட்டார். டீச்சர் என்னைப் பார்த்தார். "சண்டை போட வரும் ஐயா" என்றேன் நான்.

அவர் சிரித்தாரா என்று தெரியவில்லை. மீசை பெரிது.

"கரையை அழிங்க. மேல நல்வரவுன்னு போடுங்க" என்றார்.

தோழி தன் காகிதப் பையைத் துழாவினாள். "மொத எழுத்து பெருசா இல்லீங்க ஐயா" என்றாள். எங்களுக்கு அது இன்னும் வந்திருக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் அவளிடமிருந்து கரிக்கட்டியை வாங்கி, வாசற்படியில் உட்கார்ந்து, தரையில் பெரிதாக ஒரு ந எழுதினார். சுற்றி உட்காரவைத்து, எல்லோரையும் அதன்மேல் விரலை ஓட்டச் சொன்னார். வரிசைக்கு வெளியே, முன் அனுமதி இல்லாமல், எழுத்து மூலமான உத்தரவு எதுவும் பெறாமல். பெரிய வாத்தியார் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சரியாக இருக்கிறது, தப்பாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை பேசாமல் ஜீப் போய்விட்டது.

அன்று மதியம் டீச்சர் எங்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, கறுப்புக் கரைக்கு என்ன அர்த்தம் என்று சொன்னார். திட்டவில்லை, நான் முன்னாடியே சொல்லியிருக்கணும் என்றார். நாங்கள் தேதி வேறு போட்டிருந்தோம். இன்ஸ்பெக்டர் செத்துப்போனால் டீச்சருக்கு யார் எழுதுவார்?

மறுநாளிலிருந்து நானும் தோழியும் விடிந்ததும் சந்து முழுக்கச் சுற்றி, புதிதாக ஒட்டிய கறுப்புக் கரை ஒவ்வொன்றையும் மேலிருந்து கீழ்வரை, பொடி எழுத்து உட்பட, படித்து முடித்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போனோம். இன்ஸ்பெக்டர் பேர் எதிலும் இல்லை. மாசியில் திணறினோம், பங்குனியில் ஓடினோம். அதற்கப்புறம் எனக்கு வந்த எந்த அவசரக் கோப்பையும் அவ்வளவு கவனமாக நான் படித்ததில்லை.

டீச்சர் தபால்காரரைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். மூன்றாம் வகுப்பு வாத்தியார் எங்கள் பக்கம் வந்து, அடுத்த வருஷத்துக்கு இடம் போதுமா என்று கூடத்தைக் கண்ணால் அளந்துவிட்டுப் போனார்.

கடைசி வேலைநாள் வந்தது. சணல் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தோம். வராந்தாவில் பெரிய வாத்தியார் வந்தார், இருமவில்லை. கையில் ஒரு பழுப்புக் காகிதம். டீச்சர் எழுந்து நின்றார், கை நீட்டவில்லை. பெரிய வாத்தியார் அதை என் தோழியிடம் கொடுத்தார்.

"படி புள்ள. சத்தமா."

அவள் வாங்கி, முதலில் ஓரத்தைப் பார்த்தாள். பிறகு முதல் வரியில் 'ஆசிரியை அவர்கள்' என்று இருந்ததைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"இது நல்ல போஸ்டரா, கெட்ட போஸ்டரா?"

"நல்லதுதான். கரை இல்லேல்ல? படி" என்றார் பெரிய வாத்தியார்.

டைப் அடித்த எழுத்து. தடுக்கி விழுந்து படித்தாள். அவள் விட்ட இடத்தை நான் பிடித்தேன், நான் விட்டதை அவள். முதல் பத்தி, எழுத்து வரிசையை மாற்ற அனுமதி. விண்ணப்பித்த நாளிலிருந்தே செல்லும் என்று இருந்தது. இதைப் பின்னேற்பு என்போம், நடந்து முடிந்ததற்கு நடந்த நாளிலிருந்தே ஒப்புதல். அப்போது தெரியாது, இப்போது தெரிகிறது, வாசற்படியில் எழுதிய அந்த ந-வும் அதற்குள் பத்திரமாக அடங்கிவிட்டது. இரண்டாம் பத்தி, டீச்சரின் பணி திருப்திகரம், அடுத்த ஆண்டும் அதே பள்ளியில் அதே வகுப்பில் தொடரவேண்டும். 'தொடர' என்பதை இரண்டு பேரும் சேர்ந்து சொன்னோம். டீச்சர் கூடையைத் தேடுவதுபோல் திரும்பிக்கொண்டார்.

தோழி படிப்பதை நிறுத்தவில்லை. கையெழுத்துக்குக் கீழே இருந்த பேரைத் தொட்டாள். "இவரு இருக்காரா?"

"கையெழுத்துப் போட்டிருக்காருல்ல" என்றார் பெரிய வாத்தியார்.

அவள் தேதியைப் பார்த்தாள். போஸ்டரில் படித்தவளாயிற்றே. "இது போன மாசத் தேதி. இன்னிக்கு இருக்காரா?"

"நேத்துத்தான் பாத்தேன் புள்ள. ஒத்தக்கடையில நின்னு பரோட்டா தின்னுக்கிட்டு இருந்தாரு."

அதற்குப் பிறகுதான் அவள் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். பெரிய வாத்தியார் முறைப்படி, கடிதம் கிடைத்த நாளை ஓரத்தில் குறிக்கச் சிவப்பு மைப் பேனாவைத் திறந்தார்; என்ன நினைத்தாரோ, மூடிப் பையில் போட்டுக்கொண்டு, எங்கள் எழுத்துப் பையைக் காட்டினார். காகிதத்தைக் கரும்பலகையில் ஒட்டி, அதன் கீழே உள்ளங்கை அகல எழுத்தில் நானும் அவளும் ஒட்டினோம். இப்போது ந எங்களிடம் பெரிதாக இருந்தது.

வந்த நாள்: ஏப்ரல் முப்பது.